அமுதா பேசாத மூன்று வாரம்

டிசம்பர் 1, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஸ்வெட்டர் காணோம். சேகரைக் கேட்டால், "பொண்டாட்டி ஸ்வெட்டருக்கு நான் என்ன காவக்காரனா?" சால்வையைப் போர்த்திக்கொண்டு பஸ் ஏறினேன். ஆஸ்டின் டவுனிலிருந்து பல்கலைக்கழகம் போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் முடிந்துவிட்ட மாதிரி. ஹெப்பகோடி தாண்டியதும் காற்று வேறு.

வணிகவியல் துறை ஆசிரியர்களுக்கு ஏஐ பயிற்சி. இந்தப் பருவத்தில் எத்தனையாவது என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். முன்பு இதே ஆட்களுக்குப் பவர்பாயிண்ட் சொல்லிக்கொடுத்தேன். கொரோனாவில் ஆன்லைன் வகுப்பு. இப்போது ஏஐ. அடுத்து வேறு ஏதாவது வரும், அதற்கும் பேனர் அடிப்பார்கள். இன்றைய பேனரில் நான் வசந்தி அல்ல, வசந்தா. வரவேற்புக்குத் தொட்டிச்செடி. என் பால்கனியில் இப்படி வந்த செடிகளுக்கே இனி இடமில்லை.

பிறகு போட்டோ. கீழே இடமும் நேரமும் பதிவாகிற போட்டோ. அது இல்லாவிட்டால் நிகழ்ச்சியே நடக்கவில்லை என்று கணக்கு. இன்று போன் எங்கள் கட்டடத்தைப் பக்கத்துக் கோழிப்பண்ணை என்று காட்டியது. எல்லோரையும் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் மறுபடி சிரிக்கவைத்து எடுத்தோம்.

வந்த கேள்விகள்:
– பசங்க ஏஐல எழுதினா பிடிக்கிற சாப்ட்வேர் எது? (நம்பும்படி ஒன்றும் இல்லை என்றேன். முகம் சுருங்கியது.)
– கொஸ்டின் பேப்பர் போட்டுத் தருமா?
– திருத்தித் தருமா?
– லஞ்ச் உண்டா?

பின்வரிசையில் யாரோ: "கேள்வியும் அதுவே, பதிலும் அதுவே, மார்க்கும் அதுவே. நாம எல்லாம் வீட்டுக்குப் போயிடலாம் மேடம்." சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரிக்கத் தெம்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

கடைசி நாற்காலியில் அமுதா. பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுப்பவள், அல்சூர்க்காரி, ஒப்பந்த ஆசிரியை. அவள் இருக்கிற அறையில் மற்றவர்களுக்குப் பேச இடம் கிடைக்காது. இன்று ஒரு வார்த்தை இல்லை. என் மேல் கோபமோ என்றுகூட நினைத்தேன். எல்லோரும் போனதும் போனில் டைப் செய்து என் முன்னால் நீட்டினாள்.

"அக்கா, தொண்டைல முடிச்சு மாதிரி வந்திருக்காம். கத்திக் கத்தி வந்தது. மூணு வாரம் வாயே தொறக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"லீவு போட்டுடு."

"ஒப்பந்தத்துக்கு ஏதுக்கா லீவு? ஜனவரில ரினியூவல். மூணு வாரம் கிளாஸுக்குப் போகலன்னா என் பேர அடிச்சுட்டு வேற பேர எழுதிடுவாங்க."

அவள் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. அம்மா மருத்துவமனை ஆயா வேலையை விட்டாயிற்று, இடுப்பு வலி. பஸ்ஸில் வரும்போது இதுவே மண்டையில்.

டிசம்பர் 2, செவ்வாய்

வெயில் வந்தது, போனது.

ஒன்று தோன்றியது. போன வருடம் வாங்கிய மென்பொருள் ஒன்று என் லாகினில் சும்மா கிடக்கிறது. ஒருவரின் பழைய பேச்சைக் கொடுத்தால், நாம் எழுதுவதை அதே குரலில் பேசும். அமுதா பாடத்தை டைப் செய்தால் போதும். வகுப்பில் குரல் பேசும், அவள் பக்கத்தில் நிற்பாள். தொண்டைக்கும் ஓய்வு, வேலைக்கும் பழுதில்லை.

அவளுக்கு அனுப்பினேன். பதில்: "சக்கத் ஐடியா அக்கா!!!" பிரமாதம் என்று கன்னடத்தில், மூன்று ஆச்சரியக்குறியோடு. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இந்த வேலையில் ஒருத்திக்கு நிஜமாகவே உபயோகமாக ஏதோ செய்து எத்தனை காலம்.

டீனிடம் அனுமதி கேட்டேன். உடனே கொடுத்தார். ஸ்டேப்ளர் பின் கேட்டால் இரண்டு நாள் இழுத்தடிக்கிற மனிதர். ஆச்சரியம்.

வாங்க: காபித்தூள், முட்டிவலித் தைலம், மிக்ஸி ஜாருக்கு வாஷர். பயிற்சி ரிப்போர்ட் (இது கடையில் கிடைக்காது).

டிசம்பர் 4, வியாழன்

ஸ்டுடியோ. பார்த்துக்கொள்பவர் இம்ரான் பாய், இங்கே வருமுன் கல்யாண வீடியோ எடுத்தவர். அந்தப் பழக்கம் போகவில்லை. அமுதா உள்ளே வந்ததும் லைட்டைத் திருப்பி, "ஸ்வல்ப சிரிங்கோ மேடம்" என்றார்.

"பாய், குரல் மட்டும்தான்."

"பர்வால்ல, இருக்கட்டும்."

முதலில் ஒரு கருத்தரங்கில் அவள் ஆங்கிலக் கட்டுரை வாசித்த பதிவைக் கொடுத்தோம். வந்த குரல் அவளுடையதுதான், ஆனால் இஸ்திரி போட்ட குரல். அமுதா டைப் செய்தாள்: "யாருக்கா இது, ரயில் லேட்டுன்னு சொல்ற அம்மாவா?"

பிறகு தன் பையிலிருந்து பென் டிரைவ் எடுத்தாள். கொரோனா நேரத்தில் வீட்டிலிருந்து எடுத்த வகுப்புகள். பின்னணியில் குக்கர் விசில், தெருவில் கொத்தமல்லிக்காரர், அவள் அம்மாவின் இருமல். அமுதாவின் வகுப்பு எந்த மொழியில் நடக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் ஆரம்பிப்பாள், கன்னடத்தில் விளக்குவாள், தமிழில் திட்டுவாள், "ஜல்தி ஜல்தி எழுதுங்க" என்று முடிப்பாள். ஒவ்வொரு கணக்குக்குப் பின்னும் "அர்த்த ஆய்தா?" புரிந்ததா என்று கன்னடத்தில் கேட்பது. கடைசியில் ஓர் இழுப்பு. பசங்க அதைச் சொல்லித்தான் அவளைக் கிண்டல் செய்வார்கள்.

சாயங்காலம் இரண்டாவது மாதிரி தயார். போட்டோம்.

"ஆவரேஜுன்னா என்ன? எல்லாத்தையும் கூட்டி, தலைக்கு எவ்வளவுன்னு பிரிக்கிறது. அவ்வளவுதான் ராஜா. அர்த்த ஆய்தாஆ?"

அதே இழுப்பு. இம்ரான் பாய் "யா அல்லா" என்றார். அமுதா தொண்டையில் கைவைத்துப் பார்த்தாள், தான் பேசவில்லையே என்று சரிபார்ப்பது போல. எழுந்து வெளியே போய்விட்டாள். பின்னால் போனேன். படிக்கட்டில் உட்கார்ந்து டைப் செய்துகொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு அக்கா. நல்லா இருக்கறதுதான் ஒரு மாதிரி இருக்கு."

தோளில் தட்டிக்கொடுத்தேன். வேறென்ன செய்ய.

டிசம்பர் 6, சனி

பாதி நாள் வேலை. சிவாஜிநகர் போய் அவரைக்காய். பனியில் விளைந்தது, வாசனையே சொல்கிறது. பக்கத்து வீட்டில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டிவிட்டார்கள், எங்கள் ஹாலில்தான் வெளிச்சம் அதிகம்.

ஊறவைத்த அவரைப் பருப்பைச் சேகரும் நானும் பிதுக்கும்போது அவரிடம் குரல் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். வழக்கமாக மாட்டார்.

"சரி, அந்தக் குரல் இப்ப யாருது?"

"அமுதாவுதுதான்."

"அவ கையிலயா இருக்கு?"

"என் லாகின்ல இருக்கு."

"அப்ப உன்னுது."

"சும்மா இருங்க. எல்லாத்துலயும் ஏதாவது சொல்லணும்."

தோலை என் மேலேயே தெறிக்கவிட்டார். பிதுக்கம்பருப்புக் குழம்பு பிரமாதம், அதை மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

ஒன்றும் செய்யவில்லை. அதற்கே களைப்பு.

டிசம்பர் 8, திங்கள்

அமுதாவின் முதல் வகுப்பு, குரலோடு. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பசங்க போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். "மேம், சக்கத்தா இருக்கு மேம்!" அமுதா மேடையோரம் லாப்டாப்போடு, வாய்மூடி, கைகட்டி. அவள் குரல் மட்டும் ஸ்பீக்கரில்.

பாடம் சரியாகத்தான் போனது. ஸ்டாண்டர்ட் டீவியேஷன். எனக்குப் படிக்கிற காலத்திலும் புரியாதது, இன்றும் புரியவில்லை. அது என் மண்டை.

ஒன்றைக் கவனித்தேன். குரல் "அர்த்த ஆய்தாஆ?" என்று கேட்டது. கேட்ட கையோடு அடுத்த கணக்குக்குப் போய்விட்டது. மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண், கவிதா என்று பெயர், "இல்ல மேம்" என்றாள், மெதுவாக. அதற்குள் குரல் பாதி ஃபார்முலா தாண்டிவிட்டது. அமுதா நிறுத்தப் போனாள். பட்டன் எங்கே என்று தேடுவதற்குள் அது இன்னொரு "அர்த்த ஆய்தாஆ?" கேட்டுவிட்டு ஓடியது. இரண்டாவது முறை கவிதா வாய் திறக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் அமுதா: "நான் கேட்டுட்டு நிப்பேன் அக்கா. மூஞ்சிங்கள பார்ப்பேன். அது பதிவுல எங்க இருக்கும், ஆன்லைன்ல எல்லாரும் கேமராவ ஆஃப் பண்ணி வெச்சிருந்தாங்க."

கேள்விக்குப் பின் பத்து வினாடி இடைவெளி விடச் சொல்லி எழுதிச் சேர்த்தோம். போட்டோ எடுத்தோம். இன்று கோழிப்பண்ணை வரவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

பத்து வினாடி இடைவெளியில் பசங்க போன் பார்க்கிறார்கள்.

டிசம்பர் 10, புதன்

டீன் கூப்பிட்டார். ஓசூர்ப் பக்கம் வளர்ந்தவர், தமிழ் நன்றாகவே வரும். காரியம் ஆகவேண்டுமென்றால் மட்டும் வரும். இன்று தமிழில் ஆரம்பித்தார். காபியும் சொன்னார்.

"நோடி வசந்தி மேடம், ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க. அடுத்த செமஸ்டர் ஆறு செக்ஷனுக்கும் இதையே போட்டுடலாம். ஒரே குரல், ஒரே ஸ்டாண்டர்டு."

"ஆறுக்கும் அமுதாவா சார் போவாங்க?"

"அவங்க எதுக்கு? அதான் குரல் இருக்கே. கிளாஸ்ல சத்தம் போடாம பார்த்துக்க ஒரு லேப் அசிஸ்டெண்ட் போதும். பாவம், அவங்களும் தொண்டைக்கு ரெஸ்ட் கொடுக்கட்டும்."

எவ்வளவு கரிசனம்.

ஒரு பக்கக் கடிதத்தைத் தள்ளினார். தன் குரலைப் பல்கலைக்கழகம் எப்போதும், எந்தப் பாடத்துக்கும் பயன்படுத்திக்கொள்ள அமுதா சம்மதிக்கிறாள். ரினியூவல் பற்றி ஒரு வரி கிடையாது. அங்கீகாரக் குழு வருவதற்கு ஒத்திகையாகத் திங்கட்கிழமை வெளியிலிருந்து இரண்டு பேர் அந்த வகுப்பைப் பார்க்க வருகிறார்களாம். அதற்குள் கையெழுத்து வாங்கிவிட வேண்டும், வாங்க வேண்டியது நான்.

"சரி சார்" என்றேன். என் வாயிலிருந்து அது தானாக வருகிறது. எனக்கும் ஒரு மென்பொருள் போட்டிருக்கிறார்களோ என்னவோ.

அவள் வேலையைக் காப்பாற்ற நான் கொண்டுபோன யோசனை இது. அவள் இல்லாமலே வகுப்பு நடக்கும் என்று காட்டிக்கொடுத்துவிட்டேன். பஸ்ஸில் அழுகை வந்தது. சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, அது ஒரு வசதி.

டிசம்பர் 11, வியாழன்

கேன்டீனில் அமுதாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். டீன் சொன்னதையும் அப்படியே சொன்னேன், லேப் அசிஸ்டெண்ட் உட்பட. மறைத்திருந்தால் என்னை நானே மன்னிக்க முடியாது. அவள் பொறுமையாகப் படித்தாள். பிறகு டைப் செய்தாள். எதிரெதிரே உட்கார்ந்து ஒருத்தி பேச, ஒருத்தி போனைக் காட்ட, பக்கத்து மேஜைக்காரர்கள் எங்களுக்குள் சண்டை என்று நினைத்திருப்பார்கள்.

"கையெழுத்து போட்டா ரினியூவல் உண்டா?"

"அப்படி எழுதல."

"போடலன்னா?"

"அதையும் எழுதல."

"நீங்க என்னக்கா சொல்றீங்க?"

டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். அவள் காத்திருந்தாள். பத்து வினாடி இல்லை, டீ ஆறுகிற வரைக்கும். அப்புறம் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டிசம்பர் 13, சனி

இரண்டாம் சனி, விடுமுறை. அல்சூர் போனேன். ஏரியோரம் குளிர், முட்டி சொன்ன பேச்சு கேட்கவில்லை. அமுதா வீடு இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. ஆரஞ்சு வாங்கிப்போனேன், தொண்டைக்குப் புளிப்பு ஆகாது என்பது படியேறும்போது ஞாபகம் வந்தது.

அவள் திங்கட்கிழமை வகுப்புக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள். டைப் செய்வது, போட்டுக் கேட்பது, திருத்துவது. நான் சோபாவில். உள்ளே அவள் அம்மா சமையல்.

லாப்டாப்: "இந்தக் கணக்க நோட்டுல போடுங்க. அர்த்த ஆய்தாஆ?"

உள்ளேயிருந்து: "அடியே! வாய மூடிக்கிட்டு இருன்னு டாக்டர் சொல்லல? எத்தன தடவ சொல்றது உனக்கு?"

லாப்டாப்: "அடுத்தது, எக்ஸாம்பிள் டூ."

"நான் பாட்டுக்கு கத்திட்டிருக்கேன், நீ பாட்டுக்கு பேசிட்டே இருக்கே! என்ன மரியாத இது?" கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். அமுதா இரண்டு உதட்டையும் விரலால் பிடித்துக் காட்டினாள். லாப்டாப் எக்ஸாம்பிள் டூவை முடித்து மூன்றுக்குப் போனது. அம்மா அதையும் பார்த்தார், மகளையும் பார்த்தார். கரண்டியிலிருந்து சாம்பார் தரையில் சொட்டியது.

"என் பொண்ணு எனக்கு எதிர்த்துப் பேசுவா," என்றார் என்னைப் பார்த்து. "கேட்டும் கேக்காத மாதிரி போனதே இல்லம்மா."

சிரித்தபடிதான் சொன்னார். துடைக்கத் துணி எடுக்கப் போனவர் ரொம்ப நேரம் திரும்பி வரவில்லை.

கடிதம் டிவி மேல் இருந்தது. கையெழுத்து இல்லை. நான் கேட்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. அவள் அம்மா என்னைச் சாப்பிடாமல் விடவில்லை. சாம்பார் நல்ல காரம்.

டிசம்பர் 15, திங்கள்

எழுத வேண்டியது இன்றுதான் இருக்கிறது, கை வலிக்கிறது. இருந்தாலும்.

வகுப்பின் பின்சுவரில் பேனர். அதன் கீழே டீனும் விருந்தாளிகள் இரண்டு பேரும். ஒருவர் தலைநரைத்த அம்மாள், இன்னொருவர் கோட் போட்டவர். இம்ரான் பாய் ஸ்பீக்கர் வைத்து, "டென்சன் நக்கோ மேடம்" என்று அமுதாவிடம் சொல்லிவிட்டு ஓரமாக நின்றார். நான் போட்டோ எடுக்கும் பொறுப்பு.

குரல் ஆரம்பித்தது. அழகாகப் போனது. கோட்டுக்காரர் தலையாட்டினார், டீன் அவர் தலையாட்டுகிறாரா என்று பார்த்துத் தானும் ஆட்டினார்.

"அர்த்த ஆய்தாஆ?"

பத்து வினாடி. ஃபேன் சத்தம்.

கவிதா எழுந்து நின்றாள். "இல்ல மேம்." இந்த முறை சத்தமாக. ஸ்பீக்கரைப் பார்த்துச் சொல்லவில்லை. அமுதாவைப் பார்த்துச் சொன்னாள். பின்னால் ஒருவன், "நனகூ இல்ல மேம்." இன்னொருத்தி, "நோ மேம்." சங்கிலி மாதிரி பெஞ்ச் பெஞ்சாக, மூன்று நான்கு மொழியில் இல்லை, இல்லை என்று. ஒரு வாரமாகப் புரியாமலே உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். யாரிடம் சொல்வது என்று தெரியாமல்.

பத்து வினாடி முடிந்தது. "வெரி குட்," என்றது குரல். "அடுத்தது..."

அமுதா லாப்டாப்பை மூடினாள்.

சாக்பீஸ் எடுத்தாள். தரையில், மேடைக்கு முன்னால் குறுக்கே ஒரு கோடு. போர்டில் எழுதினாள்: கோடு = ஆவரேஜ். வீடு எவ்வளவு தூரம்? பசங்களுக்கு அவள் கையசைவே போதும் போல. பத்துப் பேரை எழுப்பிக் கூட்டிவந்தாள். ஐந்து பேர் ஓர் அணி, எல்லோரும் நடுத்தர தூரத்திலிருந்து வருகிறவர்கள். அவர்களைக் கோட்டை ஒட்டி நிறுத்தினாள். இன்னொரு ஐந்து. ஹெப்பகோடியிலிருந்து நடந்தே வருகிறவன் கோட்டுக்கு இந்தப் பக்கம், சுவரோரம். யெலஹங்காவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள் அந்தப் பக்கம், கதவோரம். மற்றவர்கள் அங்கும் இங்கும். வாய் திறக்கவில்லை. தோளைப் பிடித்து நகர்த்துவாள், தள்ளி நின்று பார்ப்பாள், மறுபடி நகர்த்துவாள்.

கவிதாதான் கத்தினாள். "மேம்! ரெண்டு டீமுக்கும் ஆவரேஜ் ஒண்ணுதான்! ஆனா இவங்க கோட்டுகிட்ட நிக்கறாங்க, அவங்க ரொம்பத் தள்ளி நிக்கறாங்க. அந்தத் தள்ளி நிக்கறதுதான் டீவியேஷனா?"

அமுதா சாக்பீஸால் போர்டை இரண்டு தட்டுத் தட்டினாள். அதுதான் "அர்த்த ஆய்தா". தட்டிவிட்டு நின்றாள். முன்பெஞ்சிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசி பெஞ்சில் நான். நானும் தலையாட்டினேன். பொய் இல்லை, எனக்கும் இன்றுதான் புரிந்தது.

தலைநரைத்த அம்மாள் கைதட்டினார். டீன் சிரித்தார், பல்லால் மட்டும்.

போட்டோ எடுக்க மறந்துவிட்டேன். பல்கலைக்கழகக் கணக்குப்படி அந்த வகுப்பு நடக்கவேயில்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

டீன். காபி கிடையாது. தமிழும் கிடையாது, ஆங்கிலம். நான் எழுதிக்கொள்வது: வந்தவர்களுக்குப் பிடித்ததாம், அது வேறு விஷயம். சாக்பீஸைப் பிடித்து ஆறு செக்ஷனுக்கு ஓட்ட முடியுமா? அமுதா கையெழுத்துப் போடாவிட்டால் போகட்டும். மென்பொருள் நம்முடையது, அதில் இருப்பதும் நம்முடையது. வரும் திங்கள் சாயங்காலம் ஐடி ஆட்கள் வந்து அந்தக் குரலை என் லாகினிலிருந்து எடுத்து மெயின் சர்வரில் போட்டுக்கொள்வார்கள். நான் திறந்து கொடுத்தால் போதும்.

"சரி சார்" இன்று வரவில்லை. "பார்க்கிறேன் சார்" வந்தது. இவ்வளவுதான் என் வீரம்.

டிசம்பர் 19, வெள்ளி

மூன்று நாளாக ஒரு வேலையும் ஓடவில்லை. மிக்ஸி ஜார் மறுபடி ஒழுகுகிறது, வாங்கிய வாஷர் அளவு தப்பு.

நான் திறந்து கொடுக்காவிட்டால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். என் வேலை போகாது, நிரந்தரம். முணுமுணுப்பார்கள், பதவி உயர்வு தள்ளிப்போகும். கொடுத்தால் அமுதா போவாள், அவளோடு மற்ற ஒப்பந்தக்காரர்களும். தராசில் வைத்துப் பார்க்கவே அசிங்கமாக இருக்கிறது. இருந்தும் மூன்று நாள் வைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சேகர் துணி மடித்துக்கொண்டே: "நீயும் டீனுமே பேசிட்டிருக்கீங்க. அந்தப் பொண்ணக் கேட்டியா?"

கேட்கவில்லை. ஆரம்பத்திலும் கேட்கவில்லை. யோசனை வந்தது, அனுப்பினேன், அவள் குதித்தாள், அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

செய்தி அனுப்பினேன். "என் லாகின்ல இருக்கற உன் குரல என்ன செய்யட்டும்? நீ சொல்றதுதான்."

நெடுநேரம் கழித்துப் பதில். "திங்கக்கிழமை வந்து சொல்றேன் அக்கா. வாயால."

மடித்த துணியில் என் ஸ்வெட்டர் இருந்தது. சேகர் ஒன்றும் தெரியாத மாதிரி போய்விட்டார்.

டிசம்பர் 22, திங்கள்

நல்ல குளிர். ஸ்வெட்டர்.

மதியம் அமுதா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் அறைக்கு வந்தாள். கையில் அதே கடிதம், கையெழுத்து இல்லாமல். என் மேஜையில் வைத்தாள். இன்னும் போனில்தான்: "முடிச்சு சின்னதாயிடுச்சாம். கொஞ்சம் கொஞ்சம் பேசலாம், கத்தக் கூடாது. டாக்டர்கிட்ட 'ஆ'ன்னு மட்டும் சொன்னேன். வார்த்த இன்னும் எதுவும் பேசல."

ஐடி ஆட்கள் நான்கு மணிக்கு வருவார்கள் என்றேன். குரல் இல்லையென்றால் ஆறு செக்ஷனுக்கும் ஆள்தான் தேவைப்படும் என்றேன். அந்த ஆள் அவளாகத்தான் இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது, அதையும் சொன்னேன். டீனுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். என்ன பதில் என்றுதான் தெரியவில்லை.

அவள் பென் டிரைவிலிருந்து நான் எடுத்துவைத்திருந்த பதிவுகளை முதலில் அழித்தேன். பிறகு மென்பொருளைத் திறந்து, அவள் பெயருக்கு எதிரே 'நீக்கு' என்பதைத் தொட்டேன். திரையை அவள் பக்கம் திருப்பிவைத்தேன்.

இந்தக் குரலை நிரந்தரமாக நீக்கவா என்று கேட்டது. கேட்டுவிட்டு நின்றது. அடுத்ததற்குப் போகவில்லை. இதற்காவது காத்திருக்கத் தெரிந்திருக்கிறது.

அமுதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் ஒரு வாய் குடித்தாள். தொண்டையைச் செருமப் போய், கூடாது என்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள்.

"ஆமா," என்றாள். கரகரப்பு, பாதி காற்று.

சொன்ன பிறகுதான் அழுத்தினாள்.